மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: கரூர்_தையல்காரம்மா

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். சின்னவளுக்கு 3. அவர் இங்கே ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசர். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். வீட்டில் மெஷின் போட்டு ரவிக்கை, சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்.

பெரியவளை ஜூன் மாதம் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், ஆங்கிலக் கேள்வி பதில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். விவசாயி பற்றிய பாடம். நான் காஜா எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில், "ஹார்வெஸ்ட்னா என்ன பாப்பா?" என்றேன். அவள் பதிலை முதல் வரியிலிருந்து திரும்பச் சொன்னாள். மறுபடி கேட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னும் வேகமாக முதலிலிருந்து சொன்னாள். மூன்றாம் முறை கேட்டதும் அழுதுவிட்டாள். "மிஸ் அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா." போன தை மாதம் எங்கள் அப்பா வயலில் அறுப்பு நடந்தபோது நெல் கட்டைத் தூக்குகிறேன் என்று அடம்பிடித்து, ஒரு சின்னக் கட்டைத் தலையில் வைத்துக் களம் வரை நடந்தவள் அவள். அந்த அறுப்பும் இந்த ஹார்வெஸ்ட்டும் ஒன்றுதான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தமிழ் படிக்கச் சொன்னால் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் வயிற்று வலி. டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். வகுப்பில் தமிழில் பேசியதற்காக அரை மணி நேரம் வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். அதை எங்களிடம் சொல்லாமல் இரண்டு வாரம் மறைத்திருக்கிறாள். பீஸ், வேன், புத்தகம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 50 ஆயிரத்தைத் தாண்டுகிறது.

வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "நீ பாத்துக்கறதுன்னா சரி" என்றார். மாமியார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "பொட்டப்புள்ளயப் பள்ளிக்கூடத்த உட்டு நிறுத்துனா ஊருல என்ன பேசுவாங்க கண்ணு" என்கிறார். நல்ல மனுஷி, ஆனால் இந்த விஷயத்தில் பேச்சே எடுக்க விடுவதில்லை.

இது சட்டப்படி சரியா? பத்தாவது எப்படி எழுதுவாள்? தோழிகள் இல்லாமல் ஏங்கிப் போவாளா? தீபாவளி சமயத்தில் ராத்திரி 12 மணி வரை தைப்பேன், அப்போது என்ன செய்வது? செய்து பார்த்தவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.


பதில் 1: மதுரை_மாவுக்கடை

தங்கச்சி, சட்டம், சான்றிதழ் எல்லாம் அப்புறம் சொல்கிறேன். "நீ பாத்துக்கறதுன்னா சரி" என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. 7 வருஷத்துக்கு முன் என் வீட்டிலும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

என் மகனுக்கு இப்போது 15, மகளுக்கு 11. மகன் இரண்டாம் வகுப்போடு நின்றவன். மகளைப் பள்ளியில் சேர்க்கவே இல்லை. நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார்.

முதல் வருஷம் நான் செய்தது என்ன தெரியுமா? நடுக்கூடத்தில் கரும்பலகை மாட்டினேன். ஒன்பதரை மணிக்குத் தமிழ், பத்தேகாலுக்குக் கணக்கு என்று அட்டவணை எழுதி ஒட்டினேன். காலை 4 மணிக்கு எழுந்து கிரைண்டர் போட்டு, மாவைப் பாக்கெட் போட்டு, சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஒன்பதரைக்கு டீச்சராக வந்து நிற்பேன். மத்தியானம் திரும்ப ஊற வைப்பது, கடைகளுக்குக் கொண்டு போய்ப் போடுவது. ஐப்பசி மாதம் ஒரு நாள், வகுத்தல் கணக்கில் மகன் நாலாவது தடவையும் தப்பாகப் போட்டபோது பளாரென்று அறைந்துவிட்டேன். எந்த அடிக்காக அவனைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தேனோ அதே அடி. அவன் அழவில்லை. சிலேட்டை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

அன்று ராத்திரி அவரிடம் சொல்லிவிட்டேன், என்னால் முடியாது, நாளைக்கே கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள் என்று. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில், வீட்டில் ஒரு நாளைக்கு என்னென்ன வேலை நடக்கிறது என்று எழுதச் சொன்னார். தண்ணீர் பிடிப்பதிலிருந்து மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது வரை 31 வேலை வந்தது. யார் யார் செய்கிறார்கள் என்று பக்கத்தில் குறித்தோம். 27 வேலைக்கு நேரே என் பெயர். அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கஷ்டத்தால் இல்லை, அதை எழுதியே பார்த்திராமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோமே என்றுதான்.

அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக் கல்வி தொடங்கியது என்று நான் சொல்வேன். கடைகளுக்கு மாவு போடுவதை அவர் எடுத்துக்கொண்டார். ராத்திரி 7 மணிக்கு மேல் கணக்கு அவர் பொறுப்பு. மாமனார் காய்கறி வாங்கப் போகும்போது இரண்டு பேரையும் கூட்டிப் போவார், சில்லறைக் கணக்கை அவர்கள்தான் பார்க்க வேண்டும். கிரைண்டர் கழுவுவது மகன் வேலை. கரும்பலகையைக் கழற்றிப் பரணில் போட்டோம்.

கிரைண்டர் கழுவப் போய்த்தான் அவன் படிக்க ஆரம்பித்தான். கல்லில் ஒட்டிய மாவை வழித்துக்கொண்டிருந்தவன், "நேத்து பொங்கி வழிஞ்சுச்சு, இன்னைக்கு ஏன்மா பொங்கல?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்த பதில் "குளிருடா" என்பதுதான். நீயே பார்த்து எழுது என்று ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். தூக்குச் சட்டியில் மாவு ஊற்றியதும், மாவு நிற்கிற மட்டத்துக்கு வெளியே ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுவான். எத்தனை மணிக்கு ஊற்றியது, ரப்பர் பேண்டுக்கு மேலே மூன்று விரல் ஏற எத்தனை மணி ஆனது, அன்றைக்கு வெயிலா மழையா, எல்லாம் அவன் கையெழுத்தில் இருக்கும். சித்திரையில் ஐந்தரை மணி நேரம், மார்கழியில் பதினொரு மணி நேரம். ஒரு வருஷம் முழுக்க எழுதினான். அதைக் கட்டம் போட்ட தாளில் கோடாக வரைய அவன் அப்பா சொல்லிக் கொடுத்தார். வெயில் ஏறினால் நேரம் இறங்குகிறது என்று அந்தக் கோட்டைப் பார்த்து அவனே சொன்னபோது அவனுக்கு ஒன்பதரை வயது. அதன் பிறகு, மாவைப் பொங்க வைப்பது லாக்டிக் அமில பாக்டீரியா என்று படித்ததை அவன் மறந்ததே இல்லை. அவனுடைய கேள்விக்கு வந்த பதில் அல்லவா அது.

கணக்கும் அப்படித்தான். நாங்கள் நாலுக்கு ஒன்று அளவு, நாலு கிலோ இட்லி அரிசிக்கு ஒரு கிலோ உளுந்து. உளுந்து விலை ஏறியபோது ஐந்துக்கு ஒன்று போட்டால் கிலோவுக்கு எவ்வளவு மிச்சம் என்று அவனே போட்டுக் காட்டினான். செய்து பார்த்தோம். இட்லி கல் மாதிரி ஆகி, இரண்டு வீட்டில் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சமானது எவ்வளவு, இரண்டு வீடு போனதில் மாதம் எவ்வளவு நஷ்டம் என்று கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "பழையபடி நாலுக்கு ஒண்ணே போடுவோம்மா" என்றான். விகிதம், சதவீதம், லாப நஷ்டம் மூன்றும் அந்த ஒரு வாரத்தில் முடிந்தது. வெர்னியர் காலிப்பர் பார்க்கப் பட்டறையில் கற்றுக்கொண்டான்.

ஆனால் எல்லாம் மாவிலிருந்து வந்துவிடாது, தங்கச்சி. அதையும் சொல்ல வேண்டும். இயற்கணிதத்துக்கு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஆங்கிலம் எங்கள் இருவருக்குமே சுமார். தெருக்கோடியில் ஒரு டீச்சரிடம் வாரம் இரண்டு நாள் அனுப்புகிறேன். பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அந்தந்த வயதுக்கானதை இறக்கி வைத்துக்கொண்டு எது விட்டுப் போயிற்று என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்போம். அதற்கு மேல் அட்டவணை கிடையாது.

தனிமைதான் நிஜமான கஷ்டம். தெருப் பிள்ளைகள் நாலரைக்கு வந்ததும் டியூஷன் போய்விடும். ஞாயிறு மட்டும்தான் விளையாட ஆள். மகனைச் சிலம்பத்தில் சேர்த்தபிறகுதான் அவனுக்கென்று நாலு பேர் கிடைத்தார்கள். 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு மகளுக்குக் கொஞ்சம் விடிவு. சனிக்கிழமை அவளை அங்கே விட்டால் சாப்பாட்டுக்குக்கூட வர மாட்டாள். கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டில் கீறியிருக்கும் பழந்தமிழ் எழுத்தான தமிழியைப் பார்த்துவிட்டு வந்து, மாவுத் தூக்கு மூடி எல்லாவற்றிலும் வாடிக்கையாளர் பெயரைத் தமிழியில் எழுதி வைத்துவிட்டாள். எந்தத் தூக்கு யாருடையது என்று இப்போது அவளைக் கேட்டால்தான் தெரியும்.

சட்டம்: கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் 10ஆவது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வீட்டுக் கல்விக்கென்று தனி அனுமதியும் இல்லை, தடையும் எழுதவில்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வட்டார வள மையத்திலிருந்து வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த மேடம் மகனைத் தமிழ் படிக்கச் சொல்லிக் கேட்டார், மாவு நோட்டை ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்தார், காபி குடித்துவிட்டு, எப்போது வேண்டுமானாலும் கொண்டு வந்து சேருங்கள் என்று சொல்லிப் போனார். பயப்பட வேண்டாம், நோட்டுகளை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

தீபாவளி சீசனைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த இரண்டு மாதம் பாடமே வேண்டாம், டேப்பை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு மீட்டர் துணியில் உடம்பு, கை, பட்டி எல்லாம் எப்படி அடங்குகிறது என்று தாளில் வெட்டிப் பார்க்கட்டும். கணிதம் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதற்கு முன் அந்தக் காலண்டர் தாள். அவரை உட்கார வைத்து எழுதுங்கள். "நீ பாத்துக்கோ" என்பது "இதை நான் பாத்துக்கறேன்" என்று ஆகாத வரைக்கும் தயவுசெய்து டி.சி. வாங்கப் போகாதீர்கள்.


பதில் 2: ஓய்வுபெற்ற_தலைமையாசிரியர்

அம்மா, 33 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மதுரை அம்மாவின் பிள்ளை எழுதிய மாவு நோட்டைப் போல ஒன்றை என் மாணவர்களில் ஒருவராவது எழுதியிருந்தால் பிரேயரில் வாசித்துக் காட்டியிருப்பேன். அதைச் சொல்லிவிட்டு, என் மனதில் படுவதையும் சொல்கிறேன்.

உங்கள் மாமியார் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். அவர் தலைமுறையில் பெண் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது என்றால் ஒரே அர்த்தம்தான். ஆடு மேய்க்க வேண்டும், தம்பி தங்கையைத் தூக்க வேண்டும், வயது வந்ததும் கல்யாணம். நான் எத்தனையோ வீட்டு வாசலில் நின்று கெஞ்சியிருக்கிறேன். "எட்டாவதோட போதும் சார்" என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் சிலர் நன்றாகப் படிக்கக்கூடியவர்கள். அவர்கள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்கள் வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது. நீங்கள் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது சின்னவள் அழுதால் யார் தூக்குவார்கள்? வீட்டில் இருக்கிற பெரியவள்தான். ஒரு நாள், இரண்டு நாள் என்று போய், அதுவே அவள் வேலையாகிவிடும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, தானாக நடந்துவிடும். இதற்கு வழி கண்டுபிடித்த பிறகு மற்றதை யோசியுங்கள்.

இன்னொன்று. நீங்கள் அந்த ஒரு பள்ளியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்தில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தீர்களா? தமிழ் வழியில் நாலாம் வகுப்பில் உட்கார்ந்தால், அந்த அறுவடைப் பாடத்தைத் தாத்தா வயலை நினைத்துக்கொண்டே படிப்பாள். கட்டணம் இல்லை, புத்தகம் இலவசம், 2022இல் தொடங்கிய காலை உணவும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். வீட்டில் படித்தால் இவை கிடைக்காது. ஆகவே இரண்டு வருஷம் வீட்டில் வைத்துப் பார்ப்பதானாலும், ஆறாம் வகுப்பு வரும்போது திரும்ப ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

திரும்பி வர வழி இருக்கிறது, அந்தப் பயம் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி, இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். 8 வயதில் நின்று 10 வயதில் வந்தால் 10 வயதுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்புதான், நின்ற இடத்து வகுப்பு அல்ல.

மாநிலப் பாடத்திட்டத்தில் எழுத வேண்டுமானால், பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்பைப் பள்ளியில் சேராமலே தனித்தேர்வராக எழுதலாம். அதில் தேறிய பிறகு பத்தாம் வகுப்பு. அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பலர் இதைத் தவறவிட்டு ஒரு வருஷத்தை இழந்துவிடுகிறார்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பு நாளிதழில் வரும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.


பதில் 3: கோவை_பிகாம்

அக்கா, நான் ஐந்தாம் வகுப்பிலிருந்து வீட்டில் படித்தவள். இப்போது வயது 19, பி.காம். இரண்டாம் வருஷம். பிள்ளையின் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

நான் என்.ஐ.ஓ.எஸ். வழியாக, அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளியில் எழுதினேன். மத்திய அரசின் கீழ் 1989இல் தொடங்கியது. பத்தாவதுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு மொழியாவது சேர்த்து ஐந்து பாடம் எடுத்தால் போதும். தமிழிலும் எழுதலாம். வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் மே ஒன்று, அக்டோபர் நவம்பர் ஒன்று. ஒரே தடவையில் எல்லாம் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருஷத்தில் ஒன்பது வாய்ப்பு தருவார்கள். நான் அக்டோபரில் மூன்று பாடம், ஏப்ரலில் இரண்டு என்று பிரித்து எழுதினேன். டி.எம்.ஏ. என்று வீட்டில் எழுதித் தரும் ஒப்படைப்புக்கு 20 சதவீத மதிப்பெண், அதைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. கணக்கு கட்டாயம் இல்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் எந்தப் படிப்புக்குக் கணக்கு கேட்பார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்கு எது கஷ்டமாக இருந்தது என்றால், 13 வயதில். அம்மாவோடு சண்டை போட்டால் டீச்சரோடும் சண்டை. பள்ளியில் படிக்கும் பெண் வீட்டில் கோபம் என்றால் தோழியிடம் சொல்வாள், மிஸ் மீது கோபம் என்றால் அம்மாவிடம் சொல்வாள். எனக்கு இரண்டும் ஒரே ஆள். அப்போது என் சித்தி வாரம் ஒரு நாள் வந்து என்னை வ.உ.சி. பூங்காவுக்குக் கூட்டிப் போவார். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அது இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது. பாப்பாவுக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். உங்களுக்குத் தங்கை இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள்.

கல்லூரியில் முதல் மாதம் ஆறு மணி நேரம் பெஞ்சில் உட்கார முதுகு வலித்தது. அவ்வளவுதான், மற்றபடி ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம், பாப்பாவிடம் கேட்டீர்களா? உங்கள் பதிவில் அது இல்லை.


மீண்டும்: கரூர்_தையல்காரம்மா

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. முகூர்த்த சீசன்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கோவைத் தங்கச்சி, நான் அவளிடம் கேட்கவே இல்லை. நீங்கள் எழுதிய பிறகுதான் கேட்டேன். "வேன்ல போக வேண்டாம்னா சரி. ஆனா தனுசையும் பவியையும் பாக்கணும்" என்றாள். அவள் வகுப்புத் தோழிகளை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவாள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேசி, சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் என்று ஏற்பாடு செய்திருக்கிறேன்.

காலண்டர் தாள் எழுதினோம். அவரும் நானும் உட்கார்ந்திருந்தபோது மாமியார் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் 26 வேலை. வீட்டுக்காரர் பெயரில் மூன்று. என் பெயரில் பதினேழு. மீதி மாமியார் பெயரில். அதைப் பார்த்து அவர் முதலில் சொன்னது, "அம்மாவுக்கு இத்தனை வேலையா?" என்பதுதான்.

அப்போது தலைமையாசிரியர் ஐயா எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். தங்கச்சியைத் தூக்குவது பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் ஐந்தாவது வரை நன்றாகப் படித்தவராம். தம்பி பிறந்ததும் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்களாம். கல்யாணமாகி வந்து 10 வருஷத்தில் எனக்கு இது தெரியாது. அவர் பெற்ற பிள்ளைக்கே தெரியாது. "படிக்கறது ஊட்டுல படிச்சா என்ன, பள்ளிக்கூடத்துல படிச்சா என்ன. சின்னவள இவ இடுப்புல வெச்சு மட்டும் நிறுத்திப்போடாதீங்க சாமி" என்றார். நான் மெஷினில் இருக்கும் நேரம் சின்னவள் முழுக்க அவர் பொறுப்பு, அந்த நேரத்தில் சமையலில் அவர் கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். காலைச் சமையலை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். நேற்று ரசம் வைத்தார், நன்றாகவே இருந்தது. ராத்திரி 8 மணிக்குத் தமிழ் வாசிப்பும் அவர்தான். மாமியாரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட உட்காருகிறார்.

ஐயா சொன்னபடி பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்கும் நானும் பாப்பாவும் போய்ப் பார்த்தோம். தலைமையாசிரியை அன்பாகப் பேசினார். வேப்பமரத்தடி ஊஞ்சலில் இவள் இறங்கவே இல்லை. அடுத்த மே வரை வீட்டில், அப்போது திரும்பவும் எல்லோரும் உட்கார்ந்து பேசுவது, அந்தப் பள்ளியில் நாலாவதோ ஐந்தாவதோ சேர்ப்பதானாலும் மனசார சேர்ப்பது என்று இருக்கிறோம்.

மதுரை அக்கா, ஒரு சின்னச் சந்தேகம். டி.சி. கேட்டு எழுதும் கடிதத்தில் காரணம் என்று என்ன எழுதினீர்கள்? நான் எழுதிக் கிழித்துக்கொண்டே இருக்கிறேன்.


பதில்: மதுரை_மாவுக்கடை

"குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று ஒரே வரிதான் எழுதினேன், தங்கச்சி. விளக்கம் எழுதினால் கூப்பிட்டு வைத்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். மிச்ச பீஸ் கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டி.சி.யில் பிறந்த தேதியும் பெயரின் எழுத்தும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். என் மகனுக்கு இனிஷியல் மாறிப்போய், பத்தாவது விண்ணப்பத்தின்போது அதைத் திருத்த நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். டி.சி., பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் நாலு நகல் எடுத்து ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.

மாமியார் எந்தப் புத்தகம் வாசிக்கிறார் என்று கட்டாயம் எழுதுங்கள். என் மகள் கேட்கச் சொன்னாள்.